தாலி கட்டிய தேதி

தஞ்சம் கேட்டு வந்தவரை ஒரு நாடு அகதியாக ஏற்றுக்கொண்டதும் அவர் வீட்டில் எழும் முதல் பேச்சு, பிரிந்து இருக்கும் துணையைப் பற்றியதாகத்தான் இருக்கும். மனைவியை எப்போது கூப்பிடலாம், கணவனை எப்படி எடுப்பது? சட்டம் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. கல்யாணம் எப்போது நடந்தது என்று அது முதலில் கேட்கிறது. அந்தத் தேதி ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் கட்டணம்கூட இல்லாமல் துணை வந்து சேரலாம். அந்தப் பக்கம் இருந்தால் பல ஆண்டுகள் போகும். சிலருக்கு வழியே இல்லாமலும் போகும்.

கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்பதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. பிரிட்டன் அண்மைக்காலம் வரை, அகதி தன் நாட்டை விட்டுப் புறப்பட்ட நாளைப் பார்த்தது. அமெரிக்கா தஞ்சம் வழங்கப்பட்ட நாளைப் பார்க்கிறது. கனடா நிரந்தர வதிவிடம் கிடைத்த நாளைப் பார்க்கிறது. எரித்திரியாவின் முடிவில்லாத கட்டாய இராணுவ சேவையிலிருந்து தப்பிய இளைஞன் ஒருவன் சூடானை அடைந்து, கார்ட்டூமில் தன் ஊர்ப் பெண்ணையே மணந்துகொண்டு, பிறகு தனியே மேற்கு நோக்கிப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். மன்னாரிலிருந்து படகேறி இராமேசுவரத்தில் இறங்கி, தமிழ்நாட்டு முகாமொன்றில் மணம் முடித்து, அங்கிருந்து புறப்பட்ட ஈழத்து இளைஞனின் கதையும் இதுதான். இந்தத் திருமணம் அமெரிக்காவில் செல்லும், ஏனெனில் தஞ்சம் கிடைப்பதற்கு முன் நடந்தது. கனடாவில் செல்லும், மறைக்காமல் சொல்லியிருந்தால். பிரிட்டனின் அகதிக் குடும்ப விதியில் பொதுவாகச் செல்லாததாக இருந்தது, ஏனெனில் நாட்டை விட்டு வெளியேறிய பிறகு நடந்தது. அவர்கள் வாழ்க்கையில் எந்த வித்தியாசமும் இல்லை. எந்த எல்லையில் போய் நின்றார்கள் என்பது மட்டுமே வித்தியாசம்.

இந்தக் குழப்பத்துக்கு 1951இலேயே வித்திடப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் ஜெனீவாவில் நிறைவேறிய அகதிகள் உடன்படிக்கையின் எந்தப் பிரிவும் குடும்பம் ஒன்றுசேரும் உரிமையைத் தரவில்லை. மாநாட்டின் முடிவறிக்கையில் மட்டும், குடும்பத்தின் ஒற்றுமையை அரசுகள் பேண வேண்டும் என்ற பரிந்துரை இருக்கிறது. பரிந்துரை எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. ஆகவே யார் குடும்பம், எதுவரை குடும்பம் என்பதை ஒவ்வொரு நாடும் தன் வசதிப்படி எழுதிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் குடும்ப மறுஇணைவு நெறியாணையைக் கொண்டுவந்தபோதும், நாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே இருந்த உறவுகளுக்கு மட்டும் அகதிகளுக்கான சலுகையைச் சுருக்கிக்கொள்ள உறுப்பு நாடுகளுக்கு இடம் விட்டது.

இப்படிச் சுருக்குவதற்கு அரசுகள் சொல்லும் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. துரத்தப்பட்டபோது உடைந்த குடும்பத்தைத் திரும்பப் பொருத்துவது மனிதாபிமானக் கடமை; புதிதாகக் குடும்பம் அமைத்துக்கொள்வது மற்றக் குடியேறிகளுக்கும் உள்ள விருப்பம், அதற்குப் பொதுவான விதி இருக்கிறது என்பதே அந்த வாதம். அது ஒரு முக்கியமான விஷயத்தைக் காணாமல் விடுகிறது. துரத்தல் நடந்துவிட்ட திருமணங்களை மட்டும் பிரிப்பதில்லை. நடக்க இருந்தவற்றை நடக்கவிடாமலும் செய்கிறது. 26 ஆண்டுகள் போர் நடந்த ஈழத்து மண்ணில் தலைமறைவாக இருந்தவர்களும் தடுப்பில் இருந்தவர்களும் எந்த முகூர்த்தத்தில் தாலி கட்டியிருப்பார்கள்? பேசி முடித்த சம்பந்தங்கள் எத்தனையோ ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நின்றன. இளைஞர்கள் கல்யாணமாகாமலேதான் ஓடினார்கள், ஓடவேண்டிய வயதும் கல்யாண வயதும் ஒன்றாக இருந்ததால்.

பொதுவான விதி எல்லோருக்கும் இருக்கிறதே என்பதற்கும் மறுமொழி உண்டு. படிக்கவோ வேலைக்கோ வந்தவர், விசா மறுக்கப்பட்டால் ஊர் திரும்பி மனைவியோடு வாழலாம். கசப்பாக இருந்தாலும் அவருக்கு அது ஒரு வழி. அகதிக்கு அந்த வழி இல்லை. அவர் ஊர் திரும்ப முடியாது என்று அந்த அரசே தீர்ப்பெழுதிக் கொடுத்திருக்கிறது. அவர் மனைவிக்கு விசா இல்லை என்றால், இருவரும் சேர்ந்து வாழ அநேகமாக உலகத்தில் இடமே இல்லை.

ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012 நவம்பரில் இந்தப் பிரச்சினையைத் தொட்டது. பிரிட்டனில் ஐந்தாண்டு அகதி விசா பெற்ற சோமாலியர் ஒருவர் 2007இல் ஜிபூட்டிக்குப் போய் மணம் முடித்தார். மனைவிக்கு விசா மறுக்கப்பட்டது. நாட்டை விட்டு வருமுன் மணந்திருந்தால் கிடைத்திருக்கும். அவர் மாணவராகவோ தொழிலாளியாகவோ வந்திருந்தாலும், பின்னர் மணந்தவரைக் கூட்டிவந்திருக்கலாம். காலவரையறை உள்ள விசாவில் இருந்த அகதிக்கு மட்டும் கதவு அடைபட்டிருந்தது. இந்த வேறுபாட்டுக்கு நியாயம் இல்லை, இது பாகுபாடு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே பிரிட்டன் விதியை ஓரளவு திருத்தியிருந்தது. ஆனால் திருத்தம் திறந்துவிட்டது கட்டணமும் நிபந்தனைகளும் உள்ள சாதாரண வாசலைத்தான். செலவில்லாத அகதிக் குடும்ப வாசல் பழையபடி முந்திய திருமணங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

2025 செப்டம்பர் 4ஆம் தேதி பிரிட்டன் அந்த வாசலிலும் புதிய விண்ணப்பங்களை நிறுத்திவைத்தது. முன்னே மணந்தவர், பின்னே மணந்தவர் எல்லோரும் இப்போது சாதாரண வாசலில்தான் நிற்க வேண்டும். அங்கே அழைப்பவருக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் வேண்டும். 2024 ஏப்ரல் வரை இது 18,600ஆக இருந்தது. வருமானம் இல்லாதவர் 88,500 பவுண்டு சேமிப்பைக் காட்டலாம். 2025இல் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி நேரம், விடுமுறை வாரங்களுக்கும் சேர்த்து ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் 25,400 பவுண்டுகூட வராது. அந்தக் கூலியில் முழுநேரம் உழைக்கும் ஒருவரே எட்ட முடியாத கோடு அது. தஞ்ச விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்யவே பெரும்பாலும் அனுமதிக்கப்படாத ஒருவர், அங்கீகாரம் வந்த கையோடு அதை எப்படி எட்டுவார்? இதற்கு மேல், 2025 நிலவரப்படி விசாக் கட்டணம் 1,938 பவுண்டு, சுகாதார வரி 3,105 பவுண்டு, துணைக்கு ஆங்கிலத் தேர்வு. இந்த நிறுத்தம் அகதிகள் படகில் கடல் தாண்டி வருவதைக் குறைப்பதற்காகவும் என்று சொல்லப்படுகிறது. குடும்ப விசாவில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். விசா பெற்று விமானத்தில் வரக்கூடியவர்களின் வழியை அடைத்தால் அவர்களில் சிலர் படகைத்தான் தேடுவார்கள் என்பது என் அச்சம்.

அமெரிக்கச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவானது. தெளிவாக இருப்பதாலேயே சில இடங்களில் கொடுமையானதும்கூட. தஞ்சம் பெற்றவர் ஐ-730 என்ற படிவத்தை நிரப்பி, தன் கணவன் அல்லது மனைவிக்கும் மணமாகாத, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் தன்னுடைய அந்தஸ்தையே கேட்கலாம். கட்டணம் இல்லை, வருமான நிபந்தனை இல்லை, ஆண்டு உச்சவரம்பு இல்லை. வரும் துணை முதல் நாளிலிருந்தே வேலை செய்யலாம். நிபந்தனைகள் இரண்டு. தஞ்சம் வழங்கப்பட்ட நாளில் திருமணம் நடந்து முடிந்திருக்க வேண்டும். அந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் படிவத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். காலக்கெடுவை மனிதாபிமானக் காரணங்களுக்காக நீட்டலாம். திருமணத் தேதியை நீட்ட முடியாது. தஞ்சம் கிடைத்த நாளில் கருவில் இருந்த குழந்தையைக்கூட விதி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதே நாளில் நிச்சயம் முடிந்து, மணநாள் குறித்துக் காத்திருக்கும் பெண்ணை எடுத்துக்கொள்வதில்லை.

அந்தப் பெண்ணை அவர் ஒரு மாதம் கழித்து மணக்கிறார் என்றால் என்ன ஆகும்? தஞ்சம் பெற்றவர் என்ற முறையில் அவளுக்காக எதுவும் செய்ய முடியாது. ஓராண்டு அமெரிக்காவில் வசித்த பிறகு கிரீன் கார்டு பெற வேண்டும். அது கிடைக்கும் காலம் தனி. பிறகு ஐ-130 என்ற வேறு மனு. நிரந்தர வதிவாளரின் துணைக்கான வகுப்பில் ஆண்டு உச்சவரம்பு உண்டு. சில ஆண்டுகளில் வரிசை இல்லாமல் இருக்கும், சில ஆண்டுகளில் நீண்டுவிடும். குடியுரிமை பெற்றால் அந்த வரிசை இல்லை. தஞ்சம் பெற்றவரின் கிரீன் கார்டை ஓராண்டு முன்தேதியிட்டே பதிவார்கள் என்பதால், கார்டு கிடைத்து நாலு ஆண்டில் குடியுரிமை கேட்கலாம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் குடியுரிமை வழியில் ஆறு, ஏழு ஆண்டுகள் சாதாரணமாக ஓடிவிடும். கல்யாணத்துக்கும் தஞ்ச உத்தரவுக்கும் இடையே இருந்ததோ சில வாரங்கள்.

கனடா இவற்றைவிடத் தாராளமானது. பாதுகாக்கப்பட்டவராக ஏற்கப்பட்டவர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போதே, வெளிநாட்டில் இருக்கும் துணையையும் பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். அதற்குப் பிறகு மணந்தாலும், நிரந்தர வதிவாளராகி ஸ்பொன்சர் செய்யலாம்; துணைக்கு ஸ்பொன்சர் செய்யக் குறைந்தபட்ச வருமானம் பொதுவாகக் கேட்கப்படுவதில்லை, மூன்று ஆண்டு பராமரிப்பதாக உறுதி கொடுத்தால் போதும். ஒருங்கே வாழ முடியாமற்போனது துரத்தலாலோ தண்டனைக் கட்டுப்பாட்டாலோ என்றால், மணமாகாமல் ஓராண்டு உறவில் இருந்தவரையும் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறது கனடிய விதி. உறவை வெளியே சொன்னாலே சிறை என்றிருக்கும் நாடுகளிலிருந்து வரும் ஒருபாலின இணையர்களுக்கு இது பெரிய ஆறுதல். வேறு நாடுகள் இதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் இந்தத் தாராளத்துக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117(9)(டி) பிரிவு. நிரந்தர வதிவிடம் பெற்ற நேரத்தில் துணையாக இருந்த ஒருவரை அதிகாரிகளிடம் சொல்லாமல், பரிசோதனைக்கு உட்படுத்தாமல் விட்டிருந்தால், அவர் அதன்பிறகு குடும்ப வகுப்பில் எப்போதுமே வர முடியாது. மேன்முறையீட்டுப் பிரிவுக்கு இதில் கருணை காட்டும் அதிகாரமும் இல்லை. ஏமாற்று வேலையைத் தடுக்க எழுதப்பட்ட விதி ஏமாற்றாதவர்களையும் பிடித்துக்கொண்டது. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, வதிவிடம் கிடைப்பதற்கு இடைப்பட்ட காலத்தில் மணந்து, அதைத் தெரிவிக்க வேண்டும் என்று அறியாதவர்கள் இருந்தார்கள். முகவர் சொல்லிக்கொடுத்தபடி முதல் விசாரணையில் கல்யாணமாகவில்லை என்று சொல்லி, பிறகு மாற்றப் பயந்தவர்கள் இருந்தார்கள். மனைவி உயிரோடு இல்லை என்றே நம்பி, பிள்ளையைக் காணவில்லை என்றே நினைத்து, பெயரை எழுதாமல் விட்டவர்களும் இருந்தார்கள். போரிலிருந்து வந்தவர்களிடையே இது அபூர்வமல்ல. 2005இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. 2019 செப்டம்பர் 9 முதல், அகதிகளாக வந்தவர்கள் உட்பட சிலருக்கு இந்தத் தடையைத் தளர்த்தும் முன்னோடித் திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதைப் பிறகு நீட்டித்தார்கள்.

தேதியைச் சரியாக வைத்துக்கொண்டவருக்கு அடுத்த சிக்கல் இடம். அகதி ஊருக்குப் போய்த் தாலி கட்ட முடியாது. கனடாவில் 2012 டிசம்பரில் சட்டம் மாற்றப்பட்ட பிறகு, அகதியாக ஏற்கப்பட்டவர் தன் பழைய நாட்டின் கடவுச்சீட்டை எடுத்து அங்கே போய்வந்தால், அந்த நாட்டின் பாதுகாப்பை விரும்பி நாடினார் என்று கருதி அகதி அந்தஸ்தை நீக்கலாம். அதோடு நிரந்தர வதிவிடமும் போகும். கல்யாணத்துக்கோ தாயின் செத்தவீட்டுக்கோ போனேன் என்பது தானாகவே மன்னிப்பு ஆகாது. அந்தப் பயணத்தின் விளைவு அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது போன்றவற்றையும் எடைபோட வேண்டும் என்று 2022இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தியது. குடியுரிமை பெற்றுவிட்டால் இந்த அபாயம் நீங்கும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அகதிப் பயண ஆவணத்தில் ஊர் போய்வருவது இதேபோல் கேள்விக்கு இடம் தரும்.

ஆகவே கல்யாணங்கள் மூன்றாவது நாட்டில் நடக்கின்றன. ஈழத்தவர்களுக்கு அது பெரும்பாலும் இந்தியா. திருச்சியில், சென்னையில் மண்டபம் எடுத்து, மணமகன் கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வர, மணமகள் யாழ்ப்பாணத்திலிருந்து ஓரிரு உறவினரோடு வர, சில நாட்களில் எழுத்தும் தாலிகட்டும் முடிந்து இருவரும் இரு திசைக்குப் போகிறார்கள். மானுடவியலாளர் சித்தார்த்தன் மௌனகுரு 2019இல் வெளியிட்ட 'மேரியிங் ஃபார் எ ஃபியூச்சர்' என்ற நூல் போர்க்காலத்து ஈழத்தமிழரின் நாடுகடந்த திருமணங்களைப் பற்றிய விரிவான ஆய்வு. தரகர்கள், திருமணப் படங்கள், இடைத்தங்கல் ஊர்கள், விசா அதிகாரிகளின் கோப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு கல்யாணத்தை எப்படி உருவாக்குகின்றன என்று அது காட்டுகிறது. படப்பிடிப்பாளர் எடுக்கும் ஆல்பம் வீட்டு நினைவுக்கு மட்டுமானதல்ல, தூதரகத்துக்குமானது.

கனடிய விதி 2010 வரை, ஒரு திருமணத்தைப் போலி என்று தள்ள இரண்டு குறைகள் சேர்ந்திருக்க வேண்டும் என்றது: உண்மையான உறவாக இருக்கக்கூடாது, குடிவரவு நன்மையே முதன்மை நோக்கமாகவும் இருக்க வேண்டும். 2010இல் இரண்டில் ஒன்று போதும் என்று மாற்றினார்கள். இப்போது இருபது ஆண்டு இணைந்து வாழப்போகிறவர்களானாலும், மணந்த நாளில் விசாவே முதன்மைக் காரணமாக இருந்தது என்று அதிகாரி முடிவு செய்தால் சிக்கல்தான். அதிகாரி எதைச் சந்தேகிக்கிறார் என்று பாருங்கள். விருந்தினர் குறைவு. மாப்பிள்ளையின் பெற்றோர் படத்தில் இல்லை. இருவரின் ஊரிலும் இல்லாமல் வேறு நாட்டில் கல்யாணம். பழக்கம் எல்லாம் தொலைபேசியில். முடிந்ததும் உடனே பிரிவு. இவை அத்தனையும் அகதியின் திருமணத்துக்கு இயல்பான அடையாளங்கள். ஊர் போக முடியாதவனின் கல்யாணம் வேறெப்படி இருக்கும்? ஒருவர் உண்மையான அகதி என்பதற்குச் சாட்சியாக இருக்கும் நிலைமையே அவர் கல்யாணம் பொய் என்பதற்குச் சாட்சியாக எடுக்கப்படுகிறது. இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்.

ஆவணம் இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் குடும்பம் நடத்தியவர்கள் போர்க்காலத்தில் நிறையப்பேர். இடம்பெயர்வில் அத்தாட்சிப் பத்திரங்கள் தொலைந்தன. ஐரோப்பிய நெறியாணையின் 11ஆம் பிரிவு, ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அகதியின் குடும்ப விண்ணப்பத்தை மறுக்கக்கூடாது என்கிறது. நல்ல விதி. தஞ்ச விசாரணையின் முதல் நாளில் துணையின் பெயரையும் தாலி கட்டிய தேதியையும் சொல்லிப் பதியவைத்தவருக்கு அது பயன்படும். அன்று சொல்லாமல் விட்டவருக்கு அந்த மௌனமே பிற்பாடு எதிர்ச்சாட்சியாகிறது.

வந்து சேர்ந்த பிறகு துணையின் நிலை என்ன என்பதையும் பேச வேண்டும். அமெரிக்காவில் துணையாகத் தஞ்சம் பெற்றவர், தனக்குக் கிரீன் கார்டு கிடைக்குமுன் விவாகரத்தானால் அந்த வழியை இழக்கிறார். கனடா 2012 அக்டோபரில், ஸ்பொன்சரில் வந்த சில துணைகள் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிடம் நிலைக்கும் என்று விதித்தது. வன்முறைக்கு விதிவிலக்கு இருந்தது. ஆனால் மொழி தெரியாத, சொந்தமாக யாரும் இல்லாத ஒரு பெண் அதை நிரூபிக்க வேண்டியிருந்தது. அடி வாங்கிக்கொண்டு நாள் எண்ணியவர்களைப் பற்றிப் பெண்கள் அமைப்புகள் தொடர்ந்து எடுத்துச் சொன்ன பின், 2017இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. போலிக் கல்யாணத்தைப் பிடிக்கப் போட்ட வலை, உண்மையான கல்யாணத்துக்குள் சிக்கியிருந்த பெண்களைத்தான் இறுக்கியது.

தேதிக் கோடு அழிந்தாலும் அரசுகள் வேறு கோடு போடக் கற்றுக்கொண்டுவிட்டன. இப்போது அது அந்தஸ்தின் பெயரில் வருகிறது. உடன்படிக்கைப்படியான அகதிக்கு ஒரு விதி, தற்காலிகப் பாதுகாப்புப் பெற்றவருக்கு வேறொரு விதி. டென்மார்க் அப்படித்தான் ஒரு சிரிய மருத்துவரை, போருக்குப் பல ஆண்டு முன்பே 1990இல் மணந்த மனைவிக்காக மூன்று ஆண்டு காத்திருக்கச் சொன்னது. 2021 ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தின் பெருஅமர்வு அது குடும்ப வாழ்க்கைக்கான உரிமையை மீறுவது என்று சொன்னது. ஜெர்மனி, உடன்படிக்கை அகதிக்குக் கீழான துணைநிலைப் பாதுகாப்புப் பெற்றவர்களின் குடும்ப அழைப்பை 2016இல் நிறுத்தி, 2018இல் மாதம் 1,000 பேர் என்று திறந்து, 2025 ஜூலையில் மீண்டும் இரண்டு ஆண்டுக்கு நிறுத்தியிருக்கிறது.

ஒரு திருமணம் எப்போது நடந்தது என்பதை விட்டுவிட்டு, அது உண்மையானதா, இந்த இருவரும் வேறெங்காவது பாதுகாப்பாகச் சேர்ந்து வாழ முடியுமா என்று மட்டும் கேட்டால் போதும் என்பதே என் நிலைப்பாடு. இரண்டாவது கேள்வி புதிதல்ல. குடும்ப வாழ்க்கை பற்றிய வழக்குகளில் ஐரோப்பிய நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருவதுதான். அகதிகள் விஷயத்தில் அதற்கான விடையை, தஞ்சம் வழங்கிய நாளிலேயே அரசு தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிடுகிறது.

அதுவரை, இந்த ஆண்டு தஞ்சம் பெறும் ஒருவர் இருக்கிற விதியோடுதான் வாழ வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர் உத்தரவு வந்த நாளைக் குறித்துவைத்து இரண்டு ஆண்டுக்குள் ஐ-730ஐப் போட வேண்டும். கனடாவில் இருப்பவர், நிரந்தர வதிவிடம் கிடைக்கும் நாள்வரை நடக்கும் எந்தக் கல்யாணத்தையும் பிறப்பையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். 117(9)(டி)யால் பல ஆண்டுகளுக்கு முன் விலக்கப்பட்ட துணையோ பிள்ளையோ இருந்தால் முன்னோடித் திட்டத்தில் உடனே கேட்க வேண்டும். அந்தத் திட்டம் 2026 செப்டம்பர் வரைதான் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதை நிரந்தர விதியாக்கும்படி கனடிய நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கும் வேலை, ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் வாக்குரிமையோடு இருக்கும் தமிழர்களுடையது.